அக்கினி நட்சத்திரத்தில் தஞ்சைக் கலைக்கூடம்

கேள்வி: மே இரண்டாம் வாரத்தில் கோவையிலிருந்து தஞ்சாவூர் வருகிறோம். எழுபது வயது மாமியாரும் பத்து வயது மகனும் உடன் வருகிறார்கள். பெரிய கோயில், அரண்மனைக் கலைக்கூடம், சரசுவதி மகால் நூலகம் மூன்றையும் ஒரே நாளில் பார்க்க முடியுமா? வெயிலை எப்படிச் சமாளிப்பது?

பதில்: முடியும், ஆனால் வரிசை முக்கியம். கோயிலைக் காலை ஆறு மணிக்கே பார்த்துவிடுங்கள். பத்து மணிக்கு மேல் அந்தக் கல்தரையில் வெறுங்காலோடு பத்தடி நடப்பதே பெரும்பாடு. மாமியாருக்குத் தடித்த பருத்திக் காலுறை ஒரு ஜோடி எடுத்து வையுங்கள். நண்பகலில் சந்நிதி நடை சாத்திவிடுவார்கள் என்பதால், கோயிலை மதியத்துக்குத் தள்ளிப்போட்டால் வெயிலும் சுடும், தரிசனமும் கிடைக்காது.

காலைப் பலகாரத்தை முடித்துக்கொண்டு, கலைக்கூடம் திறந்ததும் உள்ளே போய்விடுங்கள். நாயக்கர் காலத்துத் தடித்த சுவர்கள் காலையில் குளுமையாகவே இருக்கும். உச்சி வெயில் ஏறிய பிறகு கூடங்களில் புழுக்கம் அதிகம். கூடத்துக்குக் கூடம் போகத் திறந்த முற்றத்தைக் கடக்கவும் வேண்டியிருக்கும். ஆகவே குடை, தண்ணீர், மாமியாருக்கு ஒரு விசிறி.

என் அழுத்தமான யோசனை இதுதான்: எல்லாச் சிலைகளையும் பார்த்துத் தீர்க்க முயலாதீர்கள். வெயில் காலத்தில் முதியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் முக்கால் மணி நேரத்துக்கு மேல் மனம் நிற்காது. நேராகத் திருவெண்காட்டுச் செப்புத் திருமேனிகளிடம் போங்கள். திருவெண்காடு என்ற ஊரில் மண்ணுக்குள் புதைந்து கிடந்து 1950களில் வெளிப்பட்டவை அவை.

முதலில் ரிஷபவாகனர், அதாவது காளையை வாகனமாகக் கொண்ட சிவன். 1011-ல், முதலாம் இராசராசன் காலத்தில் எழுந்தருளுவிக்கப்பட்டவர். சடையையே தலைப்பாகைபோலச் சுற்றியிருப்பார். காலை மாற்றி வைத்து, ஒரு கையை எதன்மீதோ சாய்த்தபடி நிற்பார். அந்த ரிஷபம் இன்று இல்லை. ஆனால் கை வளைந்திருக்கும் விதத்திலேயே காளையின் உயரத்தைக் கண்ணால் அளந்துவிடலாம். மகனிடம் காளை எங்கே நின்றிருக்கும் என்று கேட்டுப் பாருங்கள். பக்கத்திலிருக்கும் தேவி அடுத்த ஆண்டு, 1012-ல் செய்விக்கப்பட்டவள்.

அடுத்து கல்யாணசுந்தரர். திருமணக் கோலத்தில் பார்வதியின் தலை லேசாகத் தாழ்ந்திருக்கும் நாணத்தை உங்கள் மாமியார் நின்று ரசிப்பார். பிறகு கண்ணப்பர், காலில் செருப்போடு கைகூப்பி நிற்கும் வேடர். சிவலிங்கத்தில் தன் ஒரு கண்ணை அப்பி, மறு கண்ணையும் தோண்டும் முன் இடம் தெரியச் செருப்பணிந்த காலை அடையாளமாக ஊன்றிய கதையைச் சொன்னால், பையன் சிலையின் பாதத்தை விட்டு நகர மாட்டான்.

கோயிலில் உற்சவ மூர்த்திகளைப் பட்டும் மாலையும் மூடியிருக்கும், முகமும் கையும் மட்டுமே தெரியும். சிற்பி வடித்த தோளையும் இடையையும் இங்குதான் முழுதாகப் பார்க்கிறோம். வாய்ப்புள்ள இடங்களில் பக்கவாட்டிலும் பின்புறமும் போய்ப் பாருங்கள், முதுகும் அதே கவனத்தோடு செய்யப்பட்டிருக்கும். பீடத்திலுள்ள துளைகளும் வளையங்களும் சுவாமியைப் புறப்பாட்டுக்குத் தூக்கிச் செல்வதற்கானவை. மெழுகில் உருச்செய்து, மண் பூசி, மெழுகை உருக்கி வடித்து, அந்த இடத்தில் உலோகம் ஊற்றிய, உள்ளே பொள்ளல் இல்லாத கன வார்ப்புகள். மண் அச்சை உடைத்தே சிலையை எடுப்பதால் ஒன்றைப்போல இன்னொன்று வராது. கண்ணாடிப் பெட்டியில் வெளிச்சம் கூசினால், நேரே நிற்காமல் சற்று ஓரமாக விலகி நின்று பாருங்கள். படம் எடுக்கலாமா என்று நுழைவிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். அனுமதி இருந்தாலும் ஃபிளாஷ் வேண்டாம்.

சரசுவதி மகால் அதே வளாகத்தில்தான். பொதுமக்கள் பார்ப்பது அதன் சிறிய காட்சிக்கூடம், அதற்கு அரை மணி போதும். புதன்கிழமை விடுமுறை என்பதால் அந்த நாளைத் தவிர்த்துவிடுங்கள். அரண்மனைக் கோபுரத்தில் ஏற விட்டாலும் மே மாதத்தில் மாமியாரை ஏற்ற வேண்டாம்.

பன்னிரண்டு மணிக்குள் வெளியே வந்து மோரோ நுங்கோ வாங்கிக் கொடுங்கள். மாலை நான்கு வரை அறையில் படுத்துத் தூங்கட்டும். கால் வலியில்லை என்றால் ஆறு மணிவாக்கில் மறுபடி பெரிய கோயிலுக்குப் போய்ப் புல்தரையில் உட்காருங்கள். சாயும் வெயிலில் விமானம் பொன்னிறமாகும் நேரம் அது.