வீட்டு ஸ்டீரியோவுக்கு நல்ல மியூசிக் ஸ்ட்ரீமர் வேண்டும். டிஜிட்டல் பாட்டை ஒலி சிக்னலாக மாற்றும் டாக் சிப் எது என்று பார்த்து வாங்கினால் போதுமா?

போதாது. சிப்பைப் பார்த்து வாங்கி ஏமாந்தவன் என்பதால்தான் எழுதுகிறேன்.

உங்களிடம் ஓர் ஆம்ப்ளிஃபையரும் இரண்டு ஸ்பீக்கரும் இருக்கும், இதுவரை போனிலிருந்து புளூடூத்தில் கேட்டிருப்பீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். அதிலிருந்து மாறுவது நியாயம்தான். சிடி தரத்துக்கு நொடிக்கு 1,411 கிலோபிட் வேண்டும். புளூடூத்தின் சாதாரண எஸ்பிசி முறையில் 328-ஐத் தாண்டுவதே அபூர்வம். வைஃபையில் பாட்டை எடுத்து ஆம்ப்ளிஃபையருக்குத் தரும் ஸ்ட்ரீமருக்கு அந்தத் தடை இல்லை.

நான் வாங்கியது அலுமினியத்தைக் குடைந்து செய்த பெட்டி. அம்மிக்கல் கனம். இடது வலது என்று தனித்தனி டாக் சிப், 32 பிட், 768 கிலோஹெர்ட்ஸ். போதாததற்கு எம்க்யூஏ என்ற ஒலிச் சுருக்க முறையின் முத்திரை வேறு. அந்த முறையைப் பிரபலமாக்கிய டைடல் என்ற பாட்டுச் சேவையே 2024-இல் அதைக் கைவிட்டு, தரம் குறையாமல் சுருக்கும் ஃபிளாக்குக்குப் போய்விட்டது. சரி, அதை விடுங்கள்.

வலி அந்தப் பெட்டியை இயக்கும் போன் செயலியில்தான் தொடங்கியது. திறந்தால் வட்டம் சுற்றும். சுற்றி முடிந்தால் 'சாதனம் கிடைக்கவில்லை' என்று வரும், சாதனமோ கண்ணெதிரே விளக்கு எரிய உட்கார்ந்திருக்கும். நேரடிக் கச்சேரிப் பதிவு போட்டால், ஒரு டிராக் முடிந்து அடுத்தது வருவதற்குள் கைதட்டல் கத்தரித்தாற்போல் நின்று, அரை நொடி கழித்து மறுபடி எழும். பதிவில் அப்படி இல்லை. இடைவெளியில்லாமல் பாட அந்தப் பெட்டிக்குத் தெரியாது, அவ்வளவுதான். நான்காம் வருடம் நிறுவனம் புது மாடல் விட்டது, பழைய செயலியைக் கவனிப்பதை நிறுத்தியது. போனை அப்டேட் செய்தேன், செயலி திறக்கவே இல்லை. எல்லாமே அந்தச் செயலி வழியாக மட்டும்தான் என்பதால், பழுதில்லாத பெட்டி ஊமையாகிவிட்டது.

"அந்த டாக்கின் ஒலி வேறு லெவல்" என்று சிலர் கிளம்புவார்கள். எனக்குக் காது மந்தம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். என் ஆம்ப்ளிஃபையருக்குள்ளேயே ஒரு டாக் உண்டு. பெட்டி ஓடிக்கொண்டிருந்த காலத்தில், அதையும் பெட்டியின் டாக்கையும் மனைவியை மாற்றி மாற்றிப் போடச் சொல்லிக் கேட்டேன். முதலில் பெட்டிதான் ஜெயித்தது. அப்புறம் பார்த்தால் அதன் சத்தம் கொஞ்சம் கூடுதலாக இருந்திருக்கிறது. இரண்டையும் சமமாக்கிப் பத்து முறை கேட்டதில் ஐந்துதான் சரி. காசைச் சுண்டியிருந்தாலும் அதே மதிப்பெண். மனைவி சிரிக்கவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

ஆகவே, ஆம்ப்ளிஃபையரில் ஆப்டிகல் அல்லது கோஆக்ஸியல் என்ற டிஜிட்டல் உள்ளீடு இருந்தால், டிஜிட்டல் வெளியீடு உள்ள எளிய ஸ்ட்ரீமரே போதும். நீங்கள் சந்தா கட்டும் சேவையின் கனெக்ட் வசதி அதில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஸ்பாட்டிஃபை கனெக்ட், டைடல் கனெக்ட் போன்றவற்றில் பாட்டை ஸ்ட்ரீமரே இணையத்திலிருந்து நேராக எடுத்துக்கொள்ளும், போன் வெறும் ரிமோட். போனை எடுத்துக்கொண்டு வெளியே போனாலும் பாட்டு நிற்காது. தயாரிப்பாளரின் செயலி மோசமாக இருந்தாலும் பெரும்பாலும் தப்பிக்கலாம். ஈதர்நெட் துளை இருந்தால் நல்லது. சாதாரண கேபிளே போதும், வெள்ளி கேபிள் விற்பவர்களிடம் வாய் கொடுக்காதீர்கள்.

வீட்டு நெட்வொர்க்கில் இருக்கும் பாட்டுகளை எடுத்துப் பாடும் டிஎல்என்ஏ வசதியும் பாருங்கள், சொந்தக் கோப்புகளுக்கு உதவும். எனக்கு அது தேவைப்பட்டதற்குக் காரணம் என் மச்சான். கேட்டுவிட்டுத் தருகிறேன் என்று 11 சிடிக்களை எடுத்துப் போனார். இரண்டு வருடம் கழித்துத் திரும்பி வந்தவை டப்பாக்கள். உள்ளே எதுவும் இல்லை. கேட்டால், "இப்போ யாரு மாப்ளே சிடி கேக்குறாங்க?" என்றார். மிச்சமிருந்ததை எல்லாம் அந்த வாரமே ஃபிளாக்காக மாற்றி ஹார்ட் டிஸ்கில் போட்டேன். அப்படி ஒன்று வீட்டில் இருப்பது இன்றுவரை அவருக்குத் தெரியாது.