கேட்டதும் சொன்னதும்: வீடு தேடி வருகிறவர்கள்

(சமூக சுகாதாரப் பணியாளர்களுக்கு நெடுங்காலம் பயிற்சி கொடுத்து ஓய்வு பெற்ற மருத்துவர் ஒருவர் வாசகர்களுக்குப் பதில் அளிக்கிறார்.)

கே: எங்கள் தெருவுக்கு வரும் சுகாதாரப் பணியாளர் மருத்துவம் படித்தவர் அல்ல. பத்து மாதக் குழந்தைக்குச் சளி என்றேன். சட்டையைத் தூக்கிவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி பேசாமல் உட்கார்ந்திருந்தார். ‘பயப்பட ஒன்றுமில்லை’ என்று மருந்துகூடத் தராமல் போய்விட்டார். இவர்களால் என்ன பயன்?

ப: மூச்சை எண்ணியிருக்கிறார் அம்மா. நிமோனியா வந்தால் குழந்தைக்கு மூச்சு வேகம் கூடும். இரண்டு மாதம் முதல் ஒரு வயதுக்குள் என்றால் நிமிடத்துக்கு 50, அதன் பிறகு ஐந்து வயதுவரை 40. இந்த எண்ணைத் தொட்டாலே கவனிக்க வேண்டும். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கக் கூடாது. குழந்தையின் மூச்சு ஒரே சீராக ஓடாது என்பதால் முழு நிமிடமும் எண்ண வேண்டும். உங்கள் குழந்தைக்கு 50-க்குக் கீழே இருந்திருக்கும். நெஞ்சுக்கூட்டின் கீழ்ப்பகுதி உள்ளே இழுக்கவும் இல்லை போலும். வெறும் சளிக்கு ஆன்டிபயாடிக் எதற்கு?

இந்த எண்ணிக்கையில் நானே தோற்றிருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு வீட்டுக்குள் நுழைந்த கையோடு ஸ்டெதாஸ்கோப்பைக் குழந்தையின் மார்பில் வைத்தேன். அதன் குளிர்ச்சிக்கு வீறிட்ட குழந்தை அடங்கவே இல்லை. அழுகிற குழந்தையிடம் மூச்சை எண்ண முடியாது. உடன் வந்த பணியாளர், எட்டாம் வகுப்போடு நின்றவர், ஒன்றும் சொல்லாமல் வாசற்படியில் உட்கார்ந்தார். தாய் பால் கொடுத்து, தோளில் போட்டுத் தட்டி, குழந்தை கண்ணயர இருபது நிமிடம் ஆயிற்று. பிறகு எண்ணினார். 58. மறுபடியும் எண்ணினார். 57. ‘டாக்டர், இன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடலாம்’ என்றார். நான் அடுத்த வீட்டுக்குப் போகச் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றிருந்தேன்.

‘படிக்காதவர்களை நம்பலாமா’ என்ற கேள்வி பழையது. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் அபய் பங், ராணி பங் என்ற மருத்துவத் தம்பதியர் 39 கிராமங்களில் உள்ளூர்ப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, பிறந்த சிசுக்களை வீட்டிலேயே கவனிக்க வைத்தார்கள். கிருமித்தொற்றுக்கு ஊசி போடுவதும் அதில் அடக்கம். மருத்துவர்கள் பலர் முகம் சுளிக்கக்கூடிய காரியம்! முடிவு 1999-ல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வந்தது. இந்தக் கவனிப்பு இல்லாத ஒப்பீட்டுக் கிராமங்களோடு வைத்துப் பார்த்தால், மூன்றாம் ஆண்டில் பச்சிளங்குழந்தை இறப்பு 62 விழுக்காடு குறைந்திருந்தது.

கே: அடுத்த வீட்டுப் பெண்தான் பணியாளர். எனக்குக் காசநோய் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடாதா?

ப: நியாயமான பயம். பக்கத்திலேயே இருப்பது இவர்களுடைய பலம், தொல்லையும் அதில்தான். ஒருவருடைய மாத்திரை விவரத்தைப் பஸ்ஸில் உளறிய பணியாளரிடமிருந்து பதிவேட்டை நானே திரும்ப வாங்கியிருக்கிறேன். அடுத்த வீட்டுப் பெண் வேண்டாம் என்றால் வேறொருவரைக் கேளுங்கள், அல்லது நேரே மருத்துவமனையில் மாத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். ஆறு மாதச் சிகிச்சையை மட்டும் நடுவில் விட்டுவிடாதீர்கள். சில வாரங்களிலேயே இருமல் குறையும். கிருமி அவ்வளவு சீக்கிரம் போகாது.

கே: சேவையாகச் செய்ய வேண்டியதற்குச் சம்பளம் கேட்டுப் போராடுகிறார்களே, சரியா?

ப: அறுவைச் சிகிச்சை நிபுணரிடம் இப்படி யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. இவர்களுக்கு வேலைக்கேற்ற ஊதியம் கொடுங்கள் என்று உலக சுகாதார நிறுவனமே 2018-ல் வழிகாட்டுதல் வெளியிட்டது. முழுக்கவோ பெரும்பகுதியோ ஊக்கத்தொகையாகத் தர வேண்டாம் என்றும் அது சொல்கிறது. ஒரு பிரசவத்துக்கு இவ்வளவு, ஒரு தடுப்பூசிக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டால் பட்டியலில் இருக்கும் வேலைதான் நடக்கும். குழந்தை தூங்கட்டும் என்று வாசற்படியில் காத்திருப்பதைப் பட்டியலில் எங்கே எழுதுவது?

போராடும்போது ஓ.ஆர்.எஸ். என்ற உப்பு-சர்க்கரைப் பொட்டலமும் துத்தநாக மாத்திரையும் பையில் தீராமல் இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொண்டால் நானும் வந்து உட்காருவேன். வயிற்றுப்போக்கு வந்த வீட்டுக்கு வெறும் பையோடு போனால், திட்டு வாங்குவது மருந்துக் கிடங்குக்காரர் அல்லவே.