விண்வெளி டிக்கெட்டுக்கு வீட்டை ஈடு வைக்கலாமா?

கேள்வி: நாங்கள் டல்லாஸ் பக்கம் இருக்கிறோம். வீட்டுக்காரருக்கு 46 வயது, மென்பொருள் வேலை. நான் மருந்தகத்தில் வேலை பார்க்கிறேன். பிடித்தம் போக இருவருக்கும் சேர்த்து மாதம் 13,000 டாலர் கைக்கு வருகிறது. மகள் பதினொன்றாம் வகுப்பு, மகன் ஆறாவது. வீடு இன்றைய மதிப்பில் 6,80,000 போகும். வீட்டுக் கடன் பாக்கி 2,50,000. இருவர் 401 கே-யிலும் (வேலை வழி ஓய்வுக்காலச் சேமிப்பு) சேர்த்து 3,80,000 இருக்கிறது. இவருக்குச் சின்ன வயதிலிருந்தே ராக்கெட் பைத்தியம். இப்போது விண்வெளிச் சுற்றுலா நடத்தும் விர்ஜின் கேலக்டிக் கம்பெனியில் ஒரு சீட் போட்டே தீருவேன் என்று நிற்கிறார். முன்பணம் ஒன்றரை லட்சத்தை ஹீலாக்கில் (வீட்டை ஈடு வைத்து, வேண்டும்போது எடுத்துக்கொள்ளும் கடன்) எடுத்துக்கொள்ளலாமாம், வீட்டு மதிப்புதான் ஏறிக் கிடக்கிறதே என்கிறார். 2019-ல் எடுத்த அந்த ஹீலாக்கில் ஏற்கெனவே 96,000 பாக்கி. காருக்கு 26,000, கொழுந்தனார் திருச்சியில் மனை வாங்கக் கொடுத்தது 40,000, 2021 பிப்ரவரியில் இதே கம்பெனி பங்கை 50 டாலர் விலையில் 600 வாங்கியது 30,000. வட்டி இப்போது எட்டரை சதவீதம். அதை மட்டும்தான் கட்டி வருகிறோம். "வயசாயிட்டா போக முடியாது" என்கிறார். நான் தடுத்தால் ஆசையைக் கெடுக்கிறேன் என்று முகத்தைத் தூக்கிக்கொள்கிறார். விண்வெளிச் சுற்றுலா அந்தக் காசுக்குத் தகுமா?
பெயர் வேண்டாம், டெக்சாஸ்

பதில்: தகுமா தகாதா என்பதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். உங்கள் கடிதத்தில் என்னைப் பயமுறுத்தியது ராக்கெட் இல்லை, ஹீலாக்.

முதலில் பண்டம் என்ன என்று பார்ப்போம். விர்ஜின் கேலக்டிக் 2024 வாக்கில் ஒரு சீட்டுக்குச் சொன்ன விலை 6 லட்சம் டாலர். நியூ மெக்சிகோவிலிருந்து ஒரு தாய் விமானம் பயணிகள் இருக்கும் ராக்கெட் கலத்தைச் சுமார் 13 கிலோமீட்டர் உயரத்துக்குத் தூக்கிக்கொண்டு போகும். அங்கே கழற்றி விட்டதும் ராக்கெட் ஒரு நிமிடம் போல எரியும். உச்சம் 85 கிலோமீட்டரை ஒட்டி. மிதப்பது சில நிமிடங்கள், அப்புறம் இறக்கம். உலகத்தில் பலர் விண்வெளியின் எல்லை என்று எடுத்துக்கொள்ளும் 100 கிலோமீட்டரை அது தொடுவதில்லை. அமெரிக்கக் கணக்கில் 80 தாண்டினால் போதும். மிதப்பதை நான்கு நிமிடம் என்று வைத்தால் நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம், நொடிக்கு 2,500 டாலர். பயணிகளுக்கு அரசு தந்துகொண்டிருந்த விண்வெளி வீரர் பேட்ஜையும் 2021-உடன் நிறுத்திவிட்டார்கள்.

இது ஏமாற்று வேலை என்று நான் சொல்லவில்லை. பத்து கோடி டாலர் சொத்து உள்ளவருக்கு இந்த டிக்கெட் சொத்தில் ஒரு சதவீதம்கூட இல்லை. ஆசைப்பட்டால் போய்விட்டு வரட்டும். உங்கள் கணக்கு வேறு. வீட்டில் கடன் போக நிற்பது 3,34,000. 401 கே-யையும் சேர்த்தால் 7,14,000. அதில் 6 லட்சம் என்பது எண்பது சதவீதத்துக்கும் மேல். இந்தக் குடும்பத்துக்குத் தகாது. அவ்வளவுதான் அந்தக் கேள்விக்குப் பதில்.

இனி ஹீலாக். கார், மனை, பங்கு, இப்போது ராக்கெட். நான்கும் நான்கு வெவ்வேறு ஆசைகள் மாதிரித் தெரியும். நான்குக்கும் பணம் வந்த வழி ஒன்றுதான்: வீட்டு விலை ஏறியதைச் சம்பளம் ஏறிய மாதிரி எடுத்துச் செலவழிப்பது. வட்டி மட்டும் கட்டுவதால் மாதம் 680 டாலர்தானே என்று தோன்றும். இத்தனை வருடம் கட்டியும் அசலில் ஒரு டாலர் குறையவில்லை என்பதை உங்கள் வீட்டுக்காரர் எப்போதாவது உட்கார்ந்து பார்த்திருக்கிறாரா? 2021-ல் அந்தப் பங்குக்காக எடுத்தபோது வட்டி நாலு சதவீதத்தை ஒட்டி இருந்திருக்கும். மிதக்கும் வட்டி, வங்கியின் பிரைம் என்ற அடிப்படை வட்டி விகிதத்தோடு ஏறி இறங்கும். அந்தப் பிரைம் 3.25-லிருந்து 2023-ல் 8.5 வரை போனது. நீங்கள் ஒரு டாலர்கூடக் கூடுதலாக வாங்காமலே கடன் கனத்துவிட்டது.

ஒன்றரை லட்சத்தையும் எடுத்தால் பாக்கி 2,46,000. வட்டி மட்டும் வருடத்துக்கு 20,900, மாதம் 1,740. பெரும்பாலான ஹீலாக்குகளைப் போல உங்களுடையதிலும் பணம் எடுக்க விடும் காலம் பத்து வருடம் என்றால் 2029-ல் அது முடியும். அதன்பின் அசலும் சேர்த்து இருபது வருடத் தவணை: மாதம் 2,130-க்கு மேல். 2029-ல் உங்கள் மகள் கல்லூரி நடுவில் இருப்பாள். டெக்சாஸ் அரசுப் பல்கலைக்கழகமே தங்குவது சாப்பாடு எல்லாம் சேர்த்து வருடத்துக்கு 30,000 பக்கம் இழுக்கும். இந்த வட்டிக்கு வருமான வரிச் சலுகையும் இல்லை. வீடு வாங்க, கட்ட, மேம்படுத்தச் செலவழித்தால்தான் அது உண்டு.

இதையெல்லாம் விடுங்கள். முன்பணம் கட்டிய பிறகு மீதி நாலரை லட்சம் எங்கிருந்து வரும்? டெக்சாஸ் அரசியல் சட்டப்படி வீட்டின் மேல் எல்லாக் கடனும் சேர்ந்து மதிப்பில் 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. உங்கள் வீட்டுக்கு அந்த வரம்பு 5,44,000. வீட்டுக் கடன் 2,50,000, ஹீலாக் 2,46,000 போக மிச்சம் 48,000. அடுத்தது 401 கே. ஐம்பத்தொன்பதரை வயதுக்கு முன் எடுத்தால் பத்து சதவீதம் அபராதம், மேலே வருமான வரி. மொத்தத்தையும் துடைத்தாலும் கைக்கு இரண்டரை லட்சம் வந்தால் அதிகம், அதுவும் வேலையில் இருக்கும்போது எடுக்க விட்டால். நாலரை லட்சம் சேரவே சேராது. உட்கார முடியாத சீட்டுக்கு முன்பணம் கட்ட வீட்டை அடகு வைக்கச் சொல்கிறார். இந்த ஒரு கணக்கை மட்டும் அவரிடம் காட்டுங்கள்; ஆசையைப் பற்றி ஒரு வார்த்தை பேச வேண்டாம்.

முன்பணம் என்ன ஆகும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். 2022-ல் விற்பனையைத் திறந்தபோது விலை 4,50,000. முன்பணம் ஒன்றரை லட்சம், அதில் 25,000 திரும்பாது. இப்போதைய ஒப்பந்தத்தில் என்ன போட்டிருக்கிறது என்று கையெழுத்துக்கு முன் படியுங்கள். 2005-லேயே காசு கட்டிய பிரிட்டிஷ்காரர் ஜான் குட்வின் மேலே போனது 2023 ஆகஸ்டில், 80 வயதில். பதினெட்டு வருடம். நடுவில் 2014-ல் சோதனைப் பறப்பில் விண்கலம் உடைந்து துணை விமானி இறந்தார். 2024 ஜூனில் பழைய கலத்துக்கு ஓய்வு கொடுத்து, புதிய வகை தயாராகும்வரை பறப்பதையே நிறுத்தினார்கள். நீங்கள் காத்திருக்கும் ஒவ்வொரு வருடமும் அந்த ஒன்றரை லட்சத்துக்கு வட்டி 12,750. மூன்று வருடம் என்றால் 38,000 தாண்டிவிடும், கம்பெனி தருவது பூஜ்யம்.

இன்னொரு கம்பெனியின் கதை உங்கள் மாநிலத்திலேயே நடந்தது. மிட்லாண்டுக்கு வந்த எக்ஸ்கோர், லிங்ஸ் என்ற ராக்கெட் விமானத்துக்கு ஒரு லட்சம் டாலர் பக்கம் டிக்கெட் விற்றது. 2017 நவம்பரில் திவால். லிங்ஸ் ஒருமுறைகூடப் பறக்கவில்லை. டிக்கெட் எடுத்தவர்கள் மற்ற கடன்காரர்களோடு சேர்ந்து வரிசையில் நிற்க வேண்டியதாயிற்று.

"வயசாயிட்டா போக முடியாது" என்ற வாதத்தைத்தான் நான் ரசித்தேன். அமேசான் பெசோஸின் விண்வெளிக் கம்பெனியான புளூ ஆரிஜினில் வாலி ஃபங்க் என்ற பெண்மணி போனபோது 82 வயது. நடிகர் வில்லியம் ஷாட்னருக்கு 90. 2024 மே மாதம் விஜயவாடாக்காரர் கோபி தோட்டகூரா போனாரே, உங்கள் வீட்டுக்காரர் அவரை உதாரணம் காட்டியிருப்பார், அதே கலத்தில் எட் டுவைட் என்பவரும் இருந்தார். அவருக்கும் 90. ஆகவே 46 வயதில் அவசரமே இல்லை. சீக்கிரம் கட்டுங்கள் என்ற அவசரம் விற்கிறவனுடையது.

கொழுந்தனார் மனை விஷயம் நாசூக்கானது, சுருக்கமாகச் சொல்கிறேன். 40,000 டாலர் இன்றைக்கு முப்பது லட்ச ரூபாய்க்கு மேல். அவருடைய மனைக்கு மாதம் 283 டாலர் வட்டியை நீங்கள் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். அது கடனா, கொடையா என்று யாரும் வாய் திறந்து பேசியிருக்க மாட்டீர்கள். நீங்கள் கேட்டால் "அண்ணி கணக்குப் பார்க்கிறாங்க" என்று ஊர் முழுக்கப் போகும். தம்பியிடம் பேச வேண்டியது அண்ணன். மொத்தமும் வேண்டாம், வட்டியையாவது இந்த மாதத்திலிருந்து அனுப்பச் சொல்லட்டும். முடியாது என்றால் கொடை என்று எழுதி மூடுங்கள், அடுத்த முறை கேட்டு வரும்போது எடுக்க ஹீலாக் இருக்காது.

ஆம், அதை உறைய வைக்கச் சொல்கிறேன். வங்கிக்கு இருவரும் கையெழுத்திட்டு எழுதுங்கள்: இனி எடுப்பு வேண்டாம், இருக்கும் 96,000-ஐ நிலையான வட்டிக்கு மாற்றித் தர முடியுமா? இதே எட்டரை சதவீதம் என்றாலும் ஐந்து வருடத்தில் முடிக்க மாதம் 1,970. இப்போது கட்டும் 680-ஐவிட 1,290 அதிகம். 13,000 வரும் வீட்டில் இது முடியாத காரியமில்லை. முடித்த பிறகு அதே தொகையை நிறுத்தாமல் ஒரு தனிக் கணக்கில் போட்டு வந்தால், ஐந்து சதவீத வருமானத்தில் பத்து வருடத்தில் மூன்று லட்சம் சேரும். அவருக்கு அப்போது 61. டிக்கெட் விலை இறங்குமா என்றால், இதுவரை 2 லட்சத்திலிருந்து 6 லட்சத்துக்கு ஏறித்தான் இருக்கிறது. இறங்கினால் போகட்டும்.

அதுவரை மனுஷன் வாடிவிடக் கூடாது. மிதக்கும் அனுபவம்தான் வேண்டும் என்றால் ஜீரோ-ஜி கம்பெனி விமானத்திலேயே தருகிறது. பதினைந்து முறை மேலே ஏறி இறங்குவார்கள், ஒவ்வொன்றிலும் இருபது நொடிக்கு மேல் உடம்புக்கு எடை இருக்காது. சுமார் 10,000 டாலர். அதுவும் கொள்ளைதான், ஆனால் ஐம்பதாவது பிறந்தநாளுக்கு, கடன் பாதியான பிறகு, ரொக்கமாகக் கொடுத்துப் போகலாம். ஸ்பேஸ்எக்ஸின் ஸ்டார்ஷிப் ராக்கெட்டை ஏவும் நாளில் சவுத் பாட்ரே தீவுக் கரைக்குப் பிள்ளைகளோடு காரில் போனால் பெட்ரோல் செலவுதான்.

யாராவது ஒருநாள் டிக்கெட் பரிசு கொடுத்தாலும் ஒரு எச்சரிக்கை: இந்தக் கலம் பாதுகாப்பானது என்று அரசு சான்று தரவில்லை என்பதை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்ட பிறகுதான் பயணியை ஏற்றுவார்கள். டெர்ம் பாலிசி (ஆயுள் காப்பீடு) இதற்குச் செல்லுமா என்று காப்பீட்டுக் கம்பெனியிடம் எழுத்தில் வாங்காமல் இரண்டு பிள்ளைகளின் அப்பா ஏறக் கூடாது.

கடைசியாக அந்தப் பங்கு. விற்காதவரை நஷ்டமில்லை என்று வைத்திருக்கிறார் போல. 2024-ல் இருபது பங்கை ஒன்றாக்கினார்கள், ஆகவே அவருடைய 600 இப்போது 30. விற்றால் வருவது நாலு பேர் ஒரு வேளை ஓட்டலில் சாப்பிடத்தான் காணும். ஆனால் 30,000 டாலரை விழுங்கிய அந்த ஆசை ஒரு உபகாரம் செய்யும்: நஷ்டத்தை வருடத்துக்கு 3,000 டாலர்வரை சம்பள வருமானத்தில் கழிக்கலாம், மீதி அடுத்தடுத்த வருடங்களுக்குப் போகும். டிசம்பர் 31-க்குள் விற்றால் இந்த ஆண்டுக் கணக்கிலேயே சேரும். விண்வெளி என்று பெயர் வைத்த வேறு ஃபண்டுகளுக்கும் அந்தக் காசு போக வேண்டாம், நேரே ஹீலாக்குக்குப் போகட்டும். விற்ற ஏக்கத்தில் முப்பது நாளைக்குள் அதே பங்கைத் திரும்ப வாங்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வாங்கினால் அந்த அளவுக்கு நஷ்டத்தை இப்போது காட்ட விடமாட்டார்கள்.