நோ லிமிட் போக்கரில் எதிராளி ஃப்ளஷ்ஷுக்கு (ஒரே ஜாதிச் சீட்டு ஐந்து சேர்வதற்கு) காத்திருக்கிறார் என்று தெரிந்தால் எவ்வளவு பெட் கட்ட வேண்டும்? ஆல்-இன் போய், அதாவது இருக்கிற சில்லு முழுவதையும் தள்ளி, விரட்டிவிடுவதுதான் பாதுகாப்பா?

கேள்வியைப் பார்த்தால், கடைசிச் சீட்டில் யாரோ உங்களை அடித்துவிட்டார்கள், பக்கத்தில் இருந்தவர்கள் "அப்பவே ஆல்-இன் போயிருக்கணும்" என்று சொல்லியிருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. அவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். இன்னும் ஒரே ஒரு சீட்டு வர வேண்டிய நிலையில், நடுவில் சேர்ந்திருக்கும் பாட் தொகையில் பாதிக்கு மேல், முக்காலுக்குள் கட்டுங்கள். அவர் கால் பண்ணட்டும், அதாவது அதே தொகையைக் கட்டித் தொடரட்டும். தப்பான விலைக்கு அவர் கால் பண்ணுவதில்தான் உங்கள் லாபமே இருக்கிறது.

இதே பேச்சை நானும் வாங்கியிருக்கிறேன், அதனால்தான் எழுதுகிறேன். மதுரை வில்லாபுரத்தில் நண்பர் வீட்டு மொட்டை மாடியில் சனிக்கிழமை ராத்திரி கூடுவோம். வெறும் பிளாஸ்டிக் சில்லுதான், காசு கிடையாது. என் கையில் ஸ்பேட் ஏஸ், டைமண்ட் கிங். தரையில், எல்லோருக்கும் பொதுவாக, கிளாவர் கிங், ஆர்ட்டின் எட்டு, ஆர்ட்டின் மூன்று, அப்புறம் டர்னில் (நாலாவது பொதுச் சீட்டில்) ஸ்பேட் ஐந்து. பாட் 1000. என் எதிரில் இருந்த தம்பி, ஃப்ளாப் (முதல் மூன்று பொதுச் சீட்டு) விழுந்ததிலிருந்து இரண்டு சீட்டையும் விரலால் அமுக்கிப் பிடித்தபடி தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். ஆர்ட்டினுக்குத்தான் காத்திருக்கிறான் என்று சந்தேகமே இல்லை. நான் 600 கட்டினேன். சில்லை அடுக்கினான், கலைத்தான், மறுபடி அடுக்கினான், கடைசியில் 600-ஐத் தள்ளிவிட்டான்.

ரிவரில், அதாவது ஐந்தாவதான கடைசிச் சீட்டில், ஆர்ட்டின் ரெண்டு. அவன் 1100 கட்டினான், நான் சீட்டைக் கவிழ்த்துவிட்டேன். அவன் ஆர்ட்டின் ராணியையும் ஜாக்கையும் விரித்ததும் மாடியே சிரித்தது. "என்னண்ணே, பூராத்தையும் தள்ளியிருந்தா அப்பவே ஓடியிருப்பான்ல?" என்று ஒருவன். "600-க்குக் கூப்பிட்டு விருந்து வச்சுட்டீங்க" என்று இன்னொருவன்.

அந்த 600 சரியான பெட். அன்றைக்கும் அதைத்தான் சொன்னேன், இன்றைக்கும் அதையேதான் சொல்வேன். கணக்கைப் பாருங்கள். அவன் கண்ணுக்குத் தெரியாத சீட்டு 46. அதில் ஆர்ட்டின் ஒன்பது. ஐந்து தடவைக்கு ஒரு தடவைகூட முழுசாக வராது, 19.6 சதவீதம்தான். 600 போட்டு அவன் பிடிக்கப் பார்ப்பது 1600. இந்த விலை கட்டுப்படியாக (மொத்தம் 2200-ல் அவன் பங்கு 600) 27 சதவீத வாய்ப்பு வேண்டும். அது அவனிடம் இல்லை. அவன் கால் பண்ணும் ஒவ்வொரு தடவையும் சராசரியாக 170 சில்லை எனக்குத் தருகிறான். ஆல்-இன் போனால் அவன் ஓடிவிடுவான், எனக்கு 1000 கிடைக்கும், அவ்வளவுதான். 600 கட்டி அவன் கால் பண்ணினால் என் பங்கு சராசரியில் 1170. விளக்குத்தூண் துணிக்கடையில் வியாபாரம் பார்த்தவர்களுக்கு இது புரியும்: வாங்க வந்தவன் எழுந்து போகிற விலையும் சொல்லக்கூடாது, அடக்கத்துக்குக் கீழேயும் கொடுக்கக்கூடாது.

அந்த அடக்க விலை இங்கே பாட் தொகையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. 1000-க்கு 321. "பய புள்ள ஓடிறக் கூடாது" என்று 200 கட்டுகிறவர்கள் அவனுக்குச் சும்மா தூக்கிக் கொடுக்கிறார்கள்.

சரி, "ஃப்ளஷ் வந்ததும் உன்னிடம் இன்னும் கறப்பானே, அது கணக்கில் வராதா?" என்று கேட்பீர்கள். வரும். நோ லிமிட்டில் அதுதான் பெரிய விஷயம். என் 600-ஐக் கால் பண்ணியது அவனுக்குக் கட்டுப்படியாக, ஆர்ட்டின் விழும் ஒவ்வொரு முறையும் ரிவரில் என்னிடமிருந்து சராசரியாக 867-ஆவது கூடுதலாகப் பிடுங்க வேண்டும். நான் ஒரு சில்லுகூடக் கொடுக்கவில்லை. மூன்றாவது ஆர்ட்டின் விழுந்து, அதுவரை கால் மட்டும் பண்ணியவன் திடீரென்று பெட் கட்டினால் சீட்டைப் போட்டுவிடுங்கள். "ஏஸ் கிங் வச்சிருக்கேன்" என்று பிடிவாதமாகக் கால் பண்ணுகிறவருக்கு டர்னில் எந்த அளவு கட்டியும் பயனில்லை.

சூதாட்டத்தை வளர்க்கிறேன் என்று எழுத வருகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். காசு வைத்து ஆடச் சொல்லவில்லை. பண ஆன்லைன் ஆட்டங்களை 2025 ஆகஸ்டில் மத்திய அரசு சட்டம் போட்டு நிறுத்தியதில் எனக்கு வருத்தமும் இல்லை. ஆனால் போக்கர் வெறும் அதிர்ஷ்டம் என்று மட்டும் சொல்லாதீர்கள். ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்று 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. என் தங்கைக்கு வரன் பார்த்தபோது, திருமங்கலம் பக்கத்திலிருந்து வந்தவர்கள் "பொண்ணோட அண்ணன் சீட்டாடுவாராமே" என்று இழுத்தார்கள். முகூர்த்தத்துக்கு முந்தின ராத்திரி மண்டபத்தில் ஜமுக்காளம் விரித்து, விடியவிடியக் காசு வைத்து ரம்மி போடும் மாமாக்களை யாரும் சீட்டாடி என்று சொல்வதில்லை. காசே வைக்காமல் ஆடுகிற எனக்கு மட்டும் அந்தப் பேர். தங்கைக்கு நல்ல இடம் அமைந்துவிட்டது, ஆனாலும் அந்த வார்த்தை இன்னும் உறுத்துகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். ஃப்ளஷ் வர ஃப்ளாப்பிலேயே 35 சதவீத வாய்ப்பு என்று சிலர் சொல்வது இனி வரும் இரண்டு சீட்டையும் பார்த்தால்தான். டர்னில் நீங்கள் மறுபடி கட்டப்போகிறீர்கள் என்றால் அவர் ஒரு சீட்டுக்குத்தான் விலை கொடுக்கிறார், அதனால் ஃப்ளாப்பிலும் பாதியிலிருந்து முக்கால் வரை போதும். ஃப்ளஷ்ஷோடு இரண்டு பக்கமும் திறந்த ஸ்ட்ரெயிட்டும் (வரிசையாக நாலு சீட்டு இருந்து, எந்தப் பக்கம் ஒன்று வந்தாலும் ஐந்தாகிவிடும் நிலை) சேர்ந்திருந்தால் மட்டும் இந்தப் பதில் செல்லாது. அவருக்கு உதவும் சீட்டு பதினைந்து ஆகிவிடும், டர்னில் 32.6 சதவீதம். அங்கே முக்கால் பத்தாது, பாட் முழுசும் அல்லது அதற்கு மேலும் கட்ட வேண்டும். அதே கை ஃப்ளாப்பில் இருந்தால் உங்கள் ஒற்றை ஜோடியைவிட அவருக்கே வாய்ப்பு கொஞ்சம் அதிகம், 54 சதவீதம்.