நாஸ் பெட்டிக்கு ஹார்ட் டிஸ்க் வாங்குகிறவர்களுக்கு: கேள்வி பதில்

வீட்டில் ஆளுக்கொரு போன், போனுக்கு ஆயிரம் போட்டோ. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேர்க்க, வீட்டு நெட்வொர்க்கில் மாட்டி எல்லோரும் பயன்படுத்தும் நாஸ் பெட்டி வாங்குகிறவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். பெட்டியைத் தேர்ந்தெடுக்க ஒரு மாதம் யோசிக்கிறார்கள். உள்ளே போடும் டிஸ்க்கை மட்டும் கடைக்காரர் இஷ்டத்துக்கு விட்டுவிடுகிறார்கள். பெட்டி போனால் வேறு பெட்டி வாங்கலாம், டிஸ்க் போனால் குழந்தையின் முதல் பிறந்தநாள் போட்டோவை எங்கே வாங்குவது? இந்த முறை வந்த கேள்விகள் பெரும்பாலும் இதைச் சுற்றித்தான்.

இரண்டு டிஸ்க் போடும் பெட்டி வாங்கியிருக்கிறேன். கல்யாண போட்டோ, வீடியோதான் முழுக்க. சீகேட்டா, வெஸ்டர்ன் டிஜிட்டலா, தோஷிபாவா? எது கெட்டுப்போகாது?
போட்டோகிராபர், ஈரோடு

கெட்டுப்போகாத டிஸ்க்கை இன்னும் யாரும் செய்யவில்லை. அமெரிக்காவில் பேக்பிளேஸ் என்ற ஆன்லைன் பேக்கப் நிறுவனம், தன்னிடம் ஓடும் டிஸ்க்குகளில் எவை எவ்வளவு கெடுகின்றன என்று 2013 முதல் மாடல் வாரியாக வெளியிட்டு வருகிறது. லட்சக்கணக்கான டிஸ்க்குகளின் கணக்கு அது. 2023-ல் மொத்தத்தில் 1.70 சதவீதம், 2024-ல் 1.57 சதவீதம் பழுது. நூறு டிஸ்க் ஓடினால் வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ போகும், அவ்வளவுதான்.

அந்தப் பட்டியலைப் பார்த்தால் இன்னொன்றும் புரியும். ஒரே கம்பெனியின் ஒரு மாடல் தங்கமாக ஓடும், இன்னொன்று காலை வாரிவிடும். சீகேட்டின் பழைய 3 டிபி (டெராபைட்) மாடல் ஒன்று, எஸ்டி3000டிஎம்001, கெட்டுப்போவதற்கே பேர்போனது. அதை வைத்துக்கொண்டு இன்றும் "சீகேட் வேண்டவே வேண்டாம்" என்பவர்கள் உண்டு. அதே சீகேட்டின் வேறு மாடல்கள் அதே பட்டியலில் நன்றாகவே ஓடியிருக்கின்றன. அதனால் என்னிடம் கம்பெனியைக் கேட்காதீர்கள், மாடலைக் கேளுங்கள்.

உங்களுக்கு சீகேட் அயர்ன்வுல்ஃப், வெஸ்டர்ன் டிஜிட்டல் ரெட் பிளஸ், தோஷிபா என்300 மூன்றில் எதுவும் சரி. மூன்றுமே நாஸ் பெட்டிக்கென்றே செய்தவை, மூன்று வருட வாரண்டி. சாதாரண கம்ப்யூட்டர் டிஸ்க்கோடு இவற்றுக்கு முக்கியமான வித்தியாசம் ஒன்று உண்டு. படிக்க முடியாத ஓர் இடம் வந்தால் கம்ப்யூட்டர் டிஸ்க் விடாப்பிடியாக ஒரு நிமிடம்கூட முயன்றுகொண்டிருக்கும். அதற்குள் நாஸ் பெட்டி "இந்த டிஸ்க் செத்துவிட்டது" என்று முடிவு கட்டிக் கழற்றிவிடலாம். நாஸ் டிஸ்க் ஏழு விநாடியில் கைவிட்டு, "எனக்கு முடியவில்லை, பக்கத்து டிஸ்க்கைக் கேள்" என்று சொல்லிவிடும். ஒரு டிஸ்க் போனாலும் இன்னொன்று காப்பாற்றும்படி டிஸ்க்குகளைச் சேர்த்து ஓட்டும் ரெய்டைப் போட்டிருப்பதே அதற்காகத்தானே.

வருடத்துக்கு எவ்வளவு எழுதலாம், படிக்கலாம் என்ற கணக்கிலும் பெரிய இடைவெளி. கம்ப்யூட்டர் டிஸ்க்குக்குப் பொதுவாக 55 டிபி, நாஸ் டிஸ்க்குக்கு 180 டிபி. நாஸிலிருந்தே நேராக வீடியோ எடிட்டிங் செய்வதாக இருந்தால் ஐந்து வருட வாரண்டி உள்ள புரோ வகையை எடுங்கள், கொடுக்கும் பணத்துக்குத் தகும். அட்டையில் "பத்து லட்சம் மணி நேரம்" என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். கணக்குப் போட்டால் 114 வருடம் வரும். ஒரு டிஸ்க் அத்தனை காலம் ஓடும் என்று அதற்கு அர்த்தமில்லை. வாரண்டி காலத்துக்குள் ஓடும் டிஸ்க்குகளில் வருடத்துக்கு நூற்றில் ஒன்றுக்குக் கொஞ்சம் குறைவாகப் போகும் என்பதைத்தான் சுற்றி வளைத்துச் சொல்கிறார்கள்.

அப்புறம், இரண்டு டிஸ்க்கையும் ஒரே கடையில் ஒரே அட்டைப்பெட்டியிலிருந்து எடுக்காதீர்கள். ஒரே நாளில் தயாராகி, ஒரே லாரியில் குலுங்கி வந்த இரண்டும் ஒரே சமயத்தில் படுக்க வாய்ப்பு அதிகம். ஒன்றை இங்கே, ஒன்றை வேறு கடையில் வாங்குங்கள்.

அதே 4 டிபி, ஆனால் விலை நன்றாகக் குறைவு. "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?
பள்ளி ஆசிரியர், மதுரை

ஓட்டு வீட்டில் இருந்திருக்கிறீர்களா? நடுவில் ஓர் ஓடு உடைந்தால் அதை மட்டும் உருவி எடுக்க முடியாது. அதன்மேல் ஏறிக்கிடக்கும் ஓடுகளை முதலில் நகர்த்தி, புதியதைச் செருகி, மறுபடி எல்லாவற்றையும் அடுக்க வேண்டும். விலை குறைந்த டிஸ்க்குகளில் பல இந்த மாதிரிதான் வேலை செய்கின்றன. தகவல் எழுதும் தடங்களை ஒன்றின்மேல் ஒன்று கொஞ்சம் ஏற்றி அடுக்கி, அதே தட்டில் அதிகம் கொள்ள வைக்கிறார்கள். இதற்குப் பெயர் எஸ்எம்ஆர், விரித்தால் ஷிங்கிள்டு மேக்னடிக் ரெக்கார்டிங். அதில் வரும் 'ஷிங்கிள்' என்ற சொல்லுக்கே கூரையில் ஒன்றின்மேல் ஒன்று ஏற்றி வேயும் வில்லை என்றுதான் பொருள். தடங்கள் தனித்தனியாக இருக்கும் வகை சிஎம்ஆர்.

எஸ்எம்ஆர் டிஸ்க்கில் ஒரு சின்ன மாற்றம் எழுத, பக்கத்துத் தடங்களையும் சேர்த்துத் திரும்ப எழுத வேண்டும். அதனால் முதலில் ஓர் ஓரமாக எழுதி வைத்துக்கொண்டு, சும்மா இருக்கும்போது இடம் மாற்றிக்கொள்ளும். நாலு போட்டோ போட்டு எடுத்தால் வித்தியாசமே தெரியாது. ஒரு டிஸ்க் போய், புதியதைப் போட்டு, ரெய்டை மறுபடி கட்டும்போதுதான் வேஷம் கலையும். பல மணி நேரம் இடைவிடாமல் எழுத வேண்டும், சும்மா இருக்க நேரமே கிடைக்காது.

2020 ஏப்ரலில் இது பெரிய சண்டையாக வெடித்தது. நாஸுக்கென்றே விற்ற வெஸ்டர்ன் டிஜிட்டல் ரெட் டிஸ்க்குகளில் 2 முதல் 6 டிபி வரை உள்ள சில மாடல்கள் எஸ்எம்ஆர் என்பது அட்டையில் எங்கேயும் சொல்லாமலே விற்கப்பட்டது தெரியவந்தது. ஒரு நாளுக்குள் முடிய வேண்டிய ரெய்டு கட்டும் வேலை ஒன்பது நாளுக்கு மேல் இழுத்ததைச் சோதித்துக் காட்டினார்கள். இரண்டு டிஸ்க் பெட்டியில் அப்படி இழுத்தால் அத்தனை நாளும் மிச்சமிருப்பது ஒரே டிஸ்க். அதுவும் போனால் எல்லாம் போச்சு. சத்தம் பெரிதானதும் கம்பெனி பெயரைப் பிரித்தது. வெறும் 'ரெட்' என்றால் எஸ்எம்ஆர், 'ரெட் பிளஸ்', 'ரெட் புரோ' என்றால் சிஎம்ஆர். அயர்ன்வுல்ஃபில் எல்லாமே சிஎம்ஆர். அதே சீகேட்டின் பாராகுடா கம்ப்யூட்டர் டிஸ்க்குகளில் பல எஸ்எம்ஆர்.

கடைக்காரரிடம் "நாஸ் டிஸ்க்கா?" என்று கேட்டால் "ஆமா சார்" என்றுதான் பதில் வரும். லேபிளைத் திருப்பி மாடல் எண்ணைப் படியுங்கள். பழைய 4 டிபி ரெட்டில் முடிவு 'இஎஃப்ஆர்எக்ஸ்' என்றால் சிஎம்ஆர், 'இஎஃப்ஏஎக்ஸ்' என்றால் எஸ்எம்ஆர். ஓர் எழுத்துதான் வித்தியாசம். எந்த மாடல் எந்த வகை என்பதை இப்போது கம்பெனிகளே தங்கள் தளத்தில் போட்டிருக்கின்றன, போனிலேயே பார்த்துவிடலாம். எஸ்எம்ஆர் டிஸ்க் மோசமான பொருள் அல்ல. யூஎஸ்பியில் மாட்டி மாதம் ஒருமுறை பேக்கப் எடுக்க அது போதும்.

சிசிடிவி டிஸ்க்தான் ஸ்டாக் இருக்கிறது என்கிறார்கள். நாஸில் போடலாமா?
தஞ்சாவூர் வாசகர்

போடலாம், வேலை செய்யும். கேமரா போடாத தெருவே இல்லை என்பதால் பர்ப்பிள், ஸ்கைஹாக் போன்ற சிசிடிவி டிஸ்க் எல்லாக் கடையிலும் கிடைக்கிறது. ஆனால் அது இடைவிடாமல் எழுதிக்கொண்டே இருக்கச் செய்த டிஸ்க், நீங்கள் செய்யப்போவது பெரும்பாலும் படிக்கும் வேலை. விலை ஒன்றுதான் என்றால் நாலு நாள் பொறுத்து நாஸ் டிஸ்க்கே வாங்குங்கள்.

ஆன்லைனில் பாதி விலைக்குப் "புது" 12 டிபி டிஸ்க் பார்த்தேன். நம்பலாமா?
தேனி வாசகர்

2021-ல் சியா என்ற கிரிப்டோ நாணயம் வந்தது. காலி டிஸ்க் இடத்தை வைத்துச் சம்பாதிக்கலாம் என்று ஆயிரக்கணக்கில் டிஸ்க் வாங்கிக் குவித்தார்கள். அந்த மோகம் அடங்கியதும் அவை எங்கே போயின? 2025 தொடக்கத்தில் ஜெர்மனியில் விடை கிடைத்தது. பல்லாயிரம் மணி நேரம் ஓடிய சீகேட் எக்ஸோஸ் டிஸ்க்குகளை, டிஸ்க் தன் நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் என்ற கணக்கில் ஓடிய நேரத்தைப் பூஜ்ஜியமாக்கிப் புதியது என்று யாரோ விற்றிருக்கிறார்கள். ஆட்டோ மீட்டரைத் திருப்பும் அதே வித்தை. ஆனால் சீகேட் டிஸ்க்கில் ஃபார்ம் என்று இன்னொரு குறிப்பேடு உள்ளே உண்டு, அதை மாற்ற மறந்துவிட்டார்கள். ஸ்மார்ட்மான்டூல்ஸ் என்ற இலவச மென்பொருளின் புதிய பதிப்பு அதைப் படித்துக் காட்டும்.

போன வருடம் நானும் ஏமாந்தேன். சீல் வைத்த வெள்ளிக் கவர், உள்ளே பளபளக்கும் டிஸ்க். ஜன்னலோரம் கொண்டுபோய் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். பக்கவாட்டு ஸ்க்ரூ ஓட்டைகளைச் சுற்றி மெல்லிய வட்டக் கீறல். கேபிள் மாட்டும் தங்க நிறக் காலில் நேர்கோடாக ஒரு தேய்மானம். ஸ்மார்ட் கணக்கில் ஓடிய நேரம் 4 மணி, ஃபார்ம் கணக்கில் இரண்டு வருடத்துக்கு மேல்! திருப்பி அனுப்பிப் பணம் வாங்குவதற்குள் மூன்று வாரம், பதினோரு மின்னஞ்சல்.

பழைய டிஸ்க் என்று சொல்லியே விற்றால் தவறில்லை, அதற்கேற்ற விலை கொடுத்து வாங்கலாம். புதியது என்றால் வந்தவுடன் சீரியல் எண்ணைக் கம்பெனியின் வாரண்டி பக்கத்தில் போட்டுப் பாருங்கள். வேறு நாட்டுக்கு விற்றது என்றோ, கம்ப்யூட்டர் தயாரிப்பாளருக்குக் கொடுத்தது என்றோ வந்தால் இங்கே வாரண்டி கிடைப்பது கஷ்டம். பில்லில் சீரியல் எண் எழுதி வாங்குங்கள். தகவலை ஏற்றுவதற்கு முன் ஸ்மார்ட் நீண்ட சோதனையை ஓடவிடுங்கள். 8 டிபி டிஸ்க்குக்கு அரை நாளுக்கு மேல் ஆகும், ராத்திரி விட்டுவிட்டுத் தூங்கலாம்.

4 டிபி வாங்கினேன், 3.6 தான் காட்டுகிறது. ஏமாற்றிவிட்டார்களா?
கரூர் வாசகர்

இல்லை. கம்பெனி ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறது, கம்ப்யூட்டர் 1024 ஆக எண்ணுகிறது. வித்தியாசம் அதுதான்.

"ரீஅலொகேட்டட் செக்டர் 8" என்று பெட்டி எச்சரிக்கிறது. ஆனால் டிஸ்க் நன்றாகத்தான் ஓடுகிறது. மாற்ற வேண்டுமா?
செவிலியர், நாகர்கோவில்

எட்டு இடங்கள் கெட்டுப்போய், உதிரியாக வைத்திருந்த இடத்துக்குத் தகவலை மாற்றிக்கொண்டது என்று அர்த்தம். கூகுள் 2007-ல் தன் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டது. இப்படி முதல் இடமாற்றம் நடந்த டிஸ்க், அடுத்த 60 நாளில் சாக மற்றவற்றைவிட 14 மடங்கு வாய்ப்பு அதிகம் என்றது. ஸ்கேனில் முதல் பிழை வந்தால் 39 மடங்கு.

இன்றே எல்லாவற்றையும் வேறு டிஸ்க்கில் நகல் எடுங்கள், அது முதல் வேலை. பிறகு அந்த எட்டை வாரா வாரம் பாருங்கள். எட்டாகவே நின்றால் கொஞ்ச நாள் ஓட்டலாம். பத்து, இருபது என்று ஏறினாலோ, 'பெண்டிங்' என்ற வரியில் எண் வந்தாலோ மாற்றிவிடுங்கள். வாரண்டி இருந்தால் யோசிக்கவே வேண்டாம். அதே அறிக்கையில், கெட்ட டிஸ்க்குகளில் பாதிக்கு மேல் முக்கியமான இந்த எச்சரிக்கைகளில் ஒன்றுகூடக் காட்டாமலே போயின. உங்கள் டிஸ்க் சொல்லிவிட்டாவது போகிறது.

பெட்டியை டிவி அலமாரிக்குள் வைத்திருக்கிறேன். கோடையில் டிஸ்க் 52 டிகிரி காட்டுகிறது. கரண்ட்டும் அடிக்கடி போகிறது.
வேலூர் வாசகர்

வேலூர் வெயிலில் 40 டிகிரியைத் தாண்டினால் பயப்பட வேண்டாம். 50-க்கு மேல் நாள் கணக்கில் நிற்பதுதான் நல்லதல்ல. கண்ணாடிக் கதவைக் கழற்றிவிட்டு, பின்பக்க ஃபேனுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சாண் இடம் விடுங்கள். அநேகமாக அதிலேயே நாலைந்து டிகிரி இறங்கும்.

கரண்ட்டுக்கு வீட்டு இன்வெர்ட்டர் மட்டும் போதாது. பேட்டரி தீரும்போது அது நாஸிடம் சொல்லாது, எழுதிக்கொண்டிருக்கும்போதே அணைந்துவிடும். யூஎஸ்பி கேபிள் உள்ள சின்ன யூபிஎஸ் வாங்கி நாஸில் மாட்டினால், பெட்டி தானாக ஒழுங்காக மூடிக்கொள்ளும்.

ரெய்டு 1 போட்டிருக்கிறேன், இரண்டு டிஸ்க்கிலும் அதே தகவல். தனியாக பேக்கப் எதற்கு?
சேலம் வாசகர்

உங்கள் பையன் தவறுதலாக ஒரு போல்டரை அழித்தால், இரண்டு டிஸ்க்கிலும் அதே நொடியில் அழியும். ரெய்டு, ஒரு டிஸ்க் செத்தால் பெட்டி ஓடிக்கொண்டிருப்பதற்காக. அவ்வளவே. 2021 ஏப்ரலில் க்யூலாக்கர் என்ற வைரஸ், இணையத்துக்குத் திறந்துவைத்திருந்த க்யூநாப் கம்பெனியின் நாஸ் பெட்டிகளில் புகுந்து, கோப்புகளைப் பாஸ்வேர்ட் போட்டு மூடிவிட்டுப் பணம் கேட்டது. ரெய்டு போட்டிருந்தவர்களும் தப்பவில்லை.

ஒரு யூஎஸ்பி டிஸ்க் வாங்கி, மாதம் ஒருமுறை நகல் எடுத்து, கழற்றி வேறு வீட்டில் வையுங்கள். என்னுடையது அக்கா வீட்டு பீரோவில், பட்டுப்புடவைகளுக்கு அடியில் இருக்கிறது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போகும்போது மாற்றிக்கொள்வேன்.

சினாலஜி பெட்டியில் அவர்கள் டிஸ்க்கைத்தான் போட வேண்டுமாமே? விலை அதிகமாயிற்றே.
சிங்கப்பூர் வாசகர்

2025-ல் வந்த பிளஸ் மாடல்களில் அப்படித்தான் கட்டுப்பாடு வைத்தார்கள். வாடிக்கையாளர்கள் கொதித்தெழுந்ததும், அதே வருடம் அக்டோபரில் பெட்டியை இயக்கும் மென்பொருளான டிஎஸ்எம்மின் 7.3 பதிப்பு வெளியானபோது சாதாரண ஹார்ட் டிஸ்க்குக்கும் 2.5 அங்குல எஸ்எஸ்டிக்கும் அதைத் தளர்த்திவிட்டார்கள். உங்கள் பெட்டியில் அந்தப் பதிப்பு ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறியிருந்தால் அயர்ன்வுல்ஃபோ ரெட் பிளஸ்ஸோ தாராளமாக வாங்கலாம்.