பரிணாம மரம் வரையும் மென்பொருள் எழுதப் போகிறீர்களா? வேரை மாற்றும் இடத்தை முதலில் பாருங்கள்

ஆய்வுப் படிப்புக்காகப் பரிணாம மரங்களை, அதாவது எந்த உயிரினம் எதோடு நெருங்கிய உறவு என்று கிளைகளாகக் காட்டும் படங்களை, வரையும் மென்பொருள் எழுத நினைப்பதாகவும், ஏற்கெனவே இத்தனை இருக்கும்போது இன்னொன்று தேவையா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாக எழுதுங்கள். 1996-இல் ராட் பேஜ் என்ற உயிரியலாளர் ட்ரீவியூ என்ற மரம் காட்டும் மென்பொருளை வெளியிட்டார், அதற்குப் பிறகு ஃபிக்ட்ரீ, டென்ட்ரோஸ்கோப், உலாவியிலேயே ஓடும் ஐடோல், ஆர் என்ற நிரல் மொழிக்குள் ஜிஜிட்ரீ என்று வந்துகொண்டேதான் இருக்கின்றன. கொரோனா வைரஸின் லட்சக்கணக்கான மரபணு வரிசைகளை ஒரே மரத்தில் பார்க்க வேண்டிய நிலை வந்தபோது பழைய கருவிகள் திணறின, டாக்ஸோனியம் என்ற புதிய கருவி பிறந்தது. உங்கள் தரவை இருக்கிற கருவி எதுவும் சரியாகக் காட்டவில்லை என்றால் அந்தக் காரணம் ஒன்றே போதும்.

மரத்தை வரைவது பெரிய வேலை இல்லை. முனைகளை, அதாவது உயிரினப் பெயர்களைச் சம இடைவெளியில் அடுக்கி, கிளை பிரியும் ஒவ்வொரு கணுவையும் அதன் பிள்ளைகளுக்கு நடுவில் வைத்தால் படம் வந்துவிடும். என் கவலையெல்லாம் வேரை, அதாவது எல்லாவற்றுக்கும் பொது மூதாதை என்று கொள்ளும் புள்ளியை, மாற்றும் இடத்தில்தான். கோப்புகள் பெரும்பாலும் நியூவிக் வடிவத்தில் வரும். அது 1986-இல் சில ஆய்வாளர்கள் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் நியூவிக்ஸ் என்ற உணவகத்தில் பேசி முடித்தது. வெறும் அடைப்புக்குறியும் காற்புள்ளியும்தான், ஒரு அடைப்புக்குறிக்குள் இருப்பவை ஒரு பிரிவு. உதாரணத்துக்கு இப்படி ஒரு கோப்பு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்:

(சிங்கம்,புலி,(பூனை,(நாய்,ஓநாய்)95)60);

60, 95 இரண்டும் பூட்ஸ்ட்ராப் மதிப்புகள், அதாவது அந்தப் பிரிவை எவ்வளவு நம்பலாம் என்பது. அவை இரு கணுக்களை இணைக்கும் கிளைக்குச் சொந்தமானவை, ஆனால் கோப்பில் கணுவின் பெயர் எழுதும் இடத்தில் உட்கார்ந்திருக்கின்றன. இப்போது வேரை நாய்க் குடும்பத்துக்கும் பூனைக் குடும்பத்துக்கும் நடுவே மாற்றுங்கள். நிரல் எண்களைக் கணுவின் பெயராக எடுத்துக்கொண்டால் 60 பூனைக் குடும்பம் முழுவதன் மேல் போய் நிற்கும், சிங்கம்-புலி ஜோடிக்கு எண்ணே இருக்காது. உண்மையில் அந்த 60 சிங்கம்-புலி ஜோடியுடையது, பூனைக் குடும்பத்துக்கு வர வேண்டியது 95. படம் அழகாகவே இருக்கும், யாருக்கும் சந்தேகம் வராது, கட்டுரையில் அச்சாகியும்விடும். பலரும் பயன்படுத்தும் கருவிகளிலேயே இந்தப் பிழை இருப்பதை 2017-இல் செக், ஹுவெர்ட்டா-செபாஸ், ஸ்டமடாகிஸ் மூவரும் ஒரு கட்டுரையில் எடுத்துக் காட்டினார்கள். ஆய்வுக்கான கருவியில் இதைவிட மோசமான பிழை எனக்குத் தெரிந்து இல்லை.

அதனால் நிறம், அசைவு எல்லாம் அப்புறம். பழைய வேரிலிருந்து புதிய வேர் வரை உள்ள பாதையில் தாய்-பிள்ளை உறவு தலைகீழாகும், அங்கே மட்டும் மதிப்புகளை இடம் மாற்ற வேண்டும். அல்லது முதலிலிருந்தே மதிப்பைக் கிளையோடு சேர்த்து வைத்துவிடுங்கள், நான் அதைத்தான் சொல்வேன். மேலே உள்ள ஐந்து விலங்கு மரத்தையே சோதனைக் கோப்பாகப் போட்டு, நிரலில் கை வைக்கும்போதெல்லாம் ஓட்டிப் பாருங்கள்.

இன்னொன்று, படத்தை எஸ்விஜி என்ற கோப்பு வடிவத்தில் சேமிக்கும் வசதி முதல் பதிப்பிலேயே இருக்கட்டும், எழுத்துகள் வெறும் கோடுகளாக மாறாமல், திருத்தக்கூடிய எழுத்தாகவே வெளியே வர வேண்டும். இனப்பெயர்களைச் சாய்வெழுத்தில் போடச் சொல்லி ஆய்விதழ்கள் கேட்கும்.