கொறங்காட்டில் ஊசிப்புல்

கேள்வி: ஐயா, வெள்ளகோவில் பக்கம் எங்களுக்கு 6 ஏக்கர் கொறங்காடு, அதாவது வேலி போட்ட மானாவாரி மேய்ச்சல் நிலம். மேச்சேரி இனச் செம்மறி ஆடுகள் வைத்திருக்கிறோம். பாதிக் காடு ஊசிப்புல் ஆகிவிட்டது. ஆடுகளுக்கு உதட்டிலும் கால் சந்திலும் அதன் ஊசி போன்ற விதை குத்திப் புண். கோடையில் தீ வைத்துவிடலாமா, களைக்கொல்லி அடிக்கலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம் தம்பி.

முதலில் ஆடுகளைக் கவனியுங்கள். வாய், கண், குளம்பிடுக்கு, தொடை மடிப்பு எல்லாவற்றையும் கையால் தடவிப் பார்த்து, ஊசியைப் பிடுங்கி, புண்ணை உப்புத் தண்ணீரில் கழுவுங்கள். கண்ணில் ஏறியிருந்தால் நீங்கள் தொடாதீர்கள், கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். மேச்சேரி ஆட்டுக்குத் தோலுக்காகவே பெயர். உள்ளே ஏறிய ஊசி தோலைப் பொத்தலாக்கிவிடும். நான் மருத்துவராக இந்தக் காடுகளில் சுற்றிய காலத்தில், ஆட்டின் விலாவைத் தடவினாலே அது மேய்ந்த காடு எப்படி இருக்கும் என்று தெரிந்துவிடும்.

இப்போது தீ. ஊசிப்புல் பல வருடம் நிற்கும் புல். மேலே எரிந்தாலும் தூர் சாகாது, அடுத்த மழைக்குத் துளிர்த்துவிடும். அதன் விதையோ ஈரம் பட்டதும் வாலை முறுக்கிக்கொண்டு மண்ணுக்குள் துளைத்து இறங்கிவிடும், தீ அதற்கு மேலேயே போய்விடும். கருகுவது உங்கள் கிளுவை வேலியும் வெள்வேலங் கன்றுகளும்தான். களைக்கொல்லி விஷயமும் அப்படியே. ஆடு விரும்பி மேயும் கொழுக்கட்டைப்புல்லும் புல் இனம், ஊசிப்புல்லும் புல் இனம். ஒன்றைக் கொல்லும் மருந்து மற்றதையும் கொல்லும்.

ஊசிப்புல் ஏன் வந்தது? ஆடு ருசியான கொழுக்கட்டையைத் தேடித் தேடித் தூர்வரை கடிக்கும். ஓய்வே இல்லாமல் மேய்த்தால் அது விதை விடாமலே ஒழியும், காலியான இடத்தில் ஊசிப்புல் உட்காரும். அதே கொழுக்கட்டை அமெரிக்காவின் அரிசோனா பாலைவனத்தில் தானே களையாகப் பரவி, அங்குள்ளவர்களைப் படாத பாடு படுத்துகிறது. அவ்வளவு வலுவான புல்லே நம் காட்டில் தோற்கிறது என்றால், நாம் எவ்வளவு மேய்த்திருக்கிறோம் என்று பாருங்கள்.

செய்ய வேண்டியது இதுதான். மழைக்குப் பிறகு ஊசிப்புல் இளசாக இருக்கும்போது மாடு நன்றாகவே தின்னும். அந்தச் சமயத்தில் மாடுகளை அந்தப் பக்கம் கட்டி மேய்த்துவிடுங்கள். மீதியைக் கதிர் எட்டிப் பார்க்கும்போதே அறுத்து மாட்டுக்குப் போடுங்கள். ஊசி முற்றிய பிறகு அறுத்தால் நீங்களே விதைத்த கணக்கு. ஈரம் இருக்கும்போது பெரிய தூர்களை மண்வெட்டியால் வேரோடு எடுத்துவிடலாம். ஊசி முற்றும் மாதங்களில் ஆடுகள் அந்தப் பக்கமே போகக் கூடாது. அங்கே மேய்ந்த ஆடு சுத்தமான பகுதிக்கு விதையைச் சுமந்துகொண்டு போய்விடும்.

அப்புறம் காட்டை நாலு பாகமாகத் தடுங்கள். மோசமான பாகத்தை உழுது, மழையோடு சோளமும் நரிப்பயறும் விதைத்து, கூடவே கொழுக்கட்டை விதையை ஏக்கருக்கு 3 கிலோ அளவில் மணலில் கலந்து தூவுங்கள். விதை பஞ்சு போலப் பறக்கும், அதனால்தான் மணல். ஆழம் கூடாது, மேலாக மண் மூடினால் போதும். புதிதாகப் பறித்த விதை சரியாக முளைக்காது, சில மாதம் வைத்திருந்த விதையாக வாங்குங்கள். அந்தப் பாகத்தில் கொழுக்கட்டை ஒருமுறை விதை உதிர்க்கும்வரை எந்த ஆட்டையும் விடாதீர்கள். பக்கத்துக் காட்டுக்காரர் ஆடும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அடைத்த பாகத்தால் தீவனம் குறையுமே என்று தயங்க வேண்டாம். கோடையில் வெள்வேல் நெற்று உதிரும், அதைப் பொறுக்கி வையுங்கள், சோளத்தட்டும் இருக்கும். அப்படியும் போதவில்லை என்றால் இந்த வருடம் சில கிடாக்களை முன்னாலேயே விற்றுவிடுங்கள்.